இறக்கை நுனியில் ஒரு குட்டி இறக்கை

விமான இறக்கையின் நுனியில் மேல்நோக்கி வளைந்து நிற்கிறதே ஒரு துண்டு, அது கம்பெனி சின்னம் வரையவா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சின்னமும் வரைகிறார்கள்தான், ஆனால் அதன் வேலை எரிபொருளை மிச்சப்படுத்துவது. பெயர் விங்லெட்.

இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு, அதனால்தான் விமானம் எழும்புகிறது, இது பள்ளியிலேயே படித்ததுதான். நுனியில் தடுக்க ஒன்றும் இல்லாததால் கீழ்க்காற்று வெளிப்பக்கமாகச் சுற்றி மேலேறி, சுழலாகிப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது. இந்த வகையில் வீணாவது, சீராகப் பறக்கும்போது உள்ள மொத்த இழுவையில், அதாவது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடையில், ஏறக்குறைய 40 சதவீதம்.

சரி, நுனியில் ஒரு தகடு வைத்து அடைத்துவிட்டால்? 1897-லேயே இங்கிலாந்தின் பொறியாளர் லான்செஸ்டர் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் வெறும் தகடு வைத்தால் அதன் உராய்வே லாபத்தைத் தின்றுவிடும்.

1970-களில் எண்ணெய் விலை எகிறிய நேரத்தில் நாசாவின் லாங்லி மையத்தில் ரிச்சர்ட் விட்கம்ப் இதைக் கையில் எடுத்தார். நுனிக்கு மேலே காற்று நேராகப் பின்னால் போவதில்லை, விமானத்தின் உடல் பக்கமாகச் சாய்ந்து வருகிறது. அங்கே தட்டைத் தகடுக்குப் பதில், வளைவும் கோணமும் கணக்கிட்ட ஒரு நிஜ இறக்கையையே நிமிர்த்தி வைத்தால் அதிலும் தூக்குவிசை பிறக்கும். அந்த விசை எப்போதும் வரும் காற்றுக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும், காற்றே சாய்ந்து வருவதால் விசையும் சாய்கிறது, பெரும்பகுதி உடலை நோக்கி, ஒரு சிறு பகுதி முன்னோக்கி! பாயைச் சாய்த்துக் கட்டி எதிர்க்காற்றிலேயே படகு முன்னேறுகிறதே, அதே கணக்கு. வீணாகப் போகிற சுழலிடமிருந்தே விமானம் கொஞ்சம் உந்துதலை வாங்கிக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

மாதிரி இறக்கைகளைத் தன் கையாலேயே அரம் வைத்து ராவித் திருத்துகிறவர் விட்கம்ப். 1979-ல் தொடங்கி கேசி-135 என்ற அமெரிக்க விமானப்படை விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்தபோது எரிபொருள் 6 சதவீதத்துக்கும் மேல் மிச்சமானது. அத்தனையும் அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு. உடனே என்ன லாபம் என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்களிடம் இதைத்தான் நான் காட்டுவேன்.

அப்புறம், இறக்கையையே நீட்டினால் போதாதா? நீட்டலாம், போயிங் 787 அப்படித்தான். ஆனால் நீள நீள இறக்கையின் அடிப்பகுதி தாங்க வேண்டிய வளைவிசை கூடும், எடையும் ஏறும். விமான நிலையத்தில் இடமும் வேண்டுமே, 737 வகை விமானங்களுக்கான நிறுத்தங்களில் 36 மீட்டருக்குள் அடங்க வேண்டும், விங்லெட்டோடு சேர்த்து 737-800-இன் அகலம் 35.8 மீட்டர். புதிய 777எக்ஸ் இறக்கை விரித்தால் 71.8 மீட்டர், அதனால் தரையிறங்கியதும் நுனிகளை மடக்கி 64.8 ஆகிவிடும், அதற்கு விங்லெட்டே இல்லை.