ஐஎஸ்பிஎன் வாங்கினால் வாசகர் வருவாரா?

போன வாரமும் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். துணிப்பையில் அவருடைய கவிதைத் தொகுப்பு மூன்று பிரதி.

"500 போட்டேன் சார். 30 போச்சு. மீதி கட்டிலுக்கு அடியில கிடக்கு. பெருக்கும்போதெல்லாம் வீட்டுல திட்டு."

போன முப்பதும் வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு. அதிலும் பாதி, கையெழுத்துப் போட்டுச் சும்மா கொடுத்தது.

பெங்களூர் அல்சூரில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறேன், மெய்ப்பும் பார்க்கிறேன். இந்தக் கட்டில் கதை இந்த வருஷத்தில் எனக்கு ஆறாவது. எதை நம்பி 500 போட்டீர்கள் என்று கேட்டேன். "ஐஎஸ்பிஎன் இருந்தா உலகம் பூரா கடைக்குப் போகும்னு சொன்னாங்க." ரசீதைக் காட்டினார். புத்தகத்தின் அடையாள எண்ணான அந்த ஐஎஸ்பிஎன்னுக்கென்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தார்கள்.

என் பொறுமை போவது இங்கேதான். ஐஎஸ்பிஎன் என்பது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. பிளேட்டை மாட்டிவிட்டால் வண்டி தானாக மைசூர் போய்ச் சேருமா? 978 என்று தொடங்கும் 13 இலக்கம், அவ்வளவுதான். இது எந்தப் புத்தகம், யார் போட்டது என்று கடைக்காரரும் நூலகரும் தெரிந்துகொள்ள உதவும். புத்தகத்தை அது கடைக்குக் கொண்டுபோகாது, விற்காது, யாரையும் படிக்க வைக்காது. அதைவிட முக்கியம், இந்தியாவில் அது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது. சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், காசு வேண்டாம். பதிப்பகம் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். நாளைக்கு நீங்களே மறுபதிப்புப் போட்டால் வேறு எண் வாங்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் இருந்தால்தான் பதிப்புரிமை என்றும் சிலர் சொல்வார்கள். இல்லை ஐயா, இல்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு இருக்கும்.

சரி, வாசகர்? "ஃபேஸ்புக்குல 5000 நண்பர்கள் இருக்காங்களே" என்றார் அந்தக் கவிஞர். கடைசியாகப் போட்ட கவிதையைத் திறக்கச் சொன்னேன். ஒன்பது பின்னூட்டம். ஏழு 'அருமை', இரண்டு கும்பிடும் கை. அதே ஏழு பேர் முந்தின கவிதைக்கும் அருமை சொல்லியிருந்தார்கள், போட்ட அரை நிமிஷத்தில்.

வேறு மாதிரி ஒருவரும் என்னிடம் வந்தார். கே.ஆர்.புரத்தில் இருக்கும் ஒரு அம்மா, பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயலில். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அவருடைய தெருவே சிதறிப்போனது. வெள்ளிக்கிழமை தோறும் தன் வலைப்பூவில் ஒரு கட்டுரை எழுதினார். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் கூரைத் தகரம் மழையில் போடும் சத்தம், இப்படி. தலைப்பிலேயே 'சாம்பியன் ரீஃப்' என்று ஊர்ப்பெயர் இருக்கும். அந்த ஊர்க்காரர் எங்கே இருந்தாலும் தேடுவது அதைத்தானே? 'நினைவின் சுவடுகள்' என்று யார் தேடப் போகிறார்கள்? கட்டுரையின் அடியில் ஒரே வரி: அடுத்தது வேண்டுமென்றால் மின்னஞ்சல் முகவரி தாருங்கள். வந்த முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தார், பக்கத்தில் அவர் எந்த லைன், யார் மகன் என்ற குறிப்போடு. இரண்டு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் பேர். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களைக் கேட்டார், சரி என்றவர்களிடம் முன்பணம் வாங்கினார், 100 பிரதி மட்டும் போட்டார். பிறகு இன்னொரு 50. அவர் வீட்டிலும் கட்டில் இருக்கிறது. அடியில் வெங்காயக் கூடைதான்.

இனிமேல் புத்தகம் போடுகிறவர்களுக்கு. முதல் தடவையே 500 போடாதீர்கள். டிஜிட்டல் அச்சில் 50கூடப் போடலாம். பிரதி ஒன்றுக்கு விலை கூடத்தான் செய்யும், கூடட்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யாதீர்கள், எந்தக் கணினியிலும் போனிலும் எழுத்து சரியாகத் தெரியும் யூனிகோடுக்கு மாறுங்கள், இது எத்தனையாவது தடவை சொல்கிறேனோ. அமேசானின் மின்நூல் கடையான கிண்டிலில் 99 முதல் 449 ரூபாய் விலைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்று கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் டிக் போட்டால், 90 நாளைக்கு அந்த மின்நூல் அங்கே மட்டும்தான் இருக்கலாம். வலைப்பூவில் முழு நாவலையும் விட்டுவைத்து டிக் போடாதீர்கள். விதிகளைப் படித்துவிட்டு டிக் போடுங்கள், புண்ணியமாகப் போகும். ஃபேஸ்புக் கணக்கு நாளைக்கே முடங்கலாம், நோட்டில் இருக்கும் முகவரி எங்கேயும் போகாது. தயவுசெய்து அந்த நோட்டைப் புத்தகத்துக்கு முன்னால் தொடங்குங்கள்.

கட்டில்காரக் கவிஞருக்கும் ஒரு நோட்டு கொடுத்தேன். விழாவுக்கு வந்த முப்பது பேரை எழுதச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 19 பேர் பெயர் நினைவுக்கு வந்தது. அதில் 11 பேருக்குத்தான் போன் நம்பர் இருந்தது. அப்புறம் பேனாவை மூடாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"கடைசி வரிசையில ஒருத்தர், எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் உட்கார்ந்து படிச்சிட்டே இருந்தார் சார். அவர் பேரைக் கேட்கவே இல்ல."