61வது நாள் காலையிலேயே மனு போடுங்கள்: குற்றப்பத்திரிகை வராதபோது கிடைக்கும் ஜாமீன்

வீட்டில் ஒருவரைக் கைது செய்து உள்ளே வைத்துவிட்டால் குடும்பம் முதலில் கேட்பது, "ஜாமீன் எப்போ கிடைக்கும் சார்?" என்றுதான். வக்கீல் மனு போடுவார், அரசு வக்கீல் எதிர்ப்பார், தள்ளுபடி ஆகும், செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போவார்கள், அப்புறம் ஹைகோர்ட். இந்த அலைச்சலில் பலர் கோட்டை விடுவது இன்னொரு வகை ஜாமீனை. இதில் சாட்சியம் பலமா, ஆள் எப்படிப்பட்டவர், வெளியே வந்தால் ஓடிவிடுவாரா என்றெல்லாம் கோர்ட் பார்க்காது, நாள் கணக்கை மட்டும்தான் பார்க்கும். கோர்ட் வட்டாரத்தில் இதற்கு டீஃபால்ட் பெயில் என்று பெயர். ஸ்டாச்சுட்டரி பெயில் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.

போலீஸ் ஒருவரைப் பிடித்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தால் ஜெயில். அந்த ரிமாண்டை நீட்டித்துக்கொண்டே போகலாம், ஆனால் முடிவில்லாமல் போக முடியாது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் போலீஸ் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவர் கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2). 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187(3).

திருட்டு என்றால் 60 நாள், கொலை என்றால் 90. குழப்பம் வருவது "10 ஆண்டு வரை" தண்டனை என்று சொல்லும் பிரிவுகளில். குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு என்று இருந்தால்தான் 90 நாள், வெறுமனே 10 ஆண்டு வரை என்றால் 60 நாள்தான் என்று பழைய சட்டத்தின் கீழ் 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எஃப்ஐஆரில் என்னென்ன பிரிவுகள் போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிரிவை மாற்றுவதும் கூட்டுவதும் உண்டு, அப்போது இந்தக் கணக்கும் மாறலாம்.

ஏன் இப்படி ஒரு சலுகை என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சலுகை இல்லை. இந்தக் கட்டத்தில் அவர் குற்றவாளி என்று யாரும் தீர்ப்பு சொல்லவில்லை, குற்றச்சாட்டு என்னவென்று முழுசாக எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க முடியாத ஒன்றுக்காக ஒருவரை எத்தனை மாதம் பூட்டி வைப்பது? 1898ம் ஆண்டின் பழைய சட்டத்தில் இப்படி ஒரு உச்சவரம்பே கிடையாது. 1973 சட்டத்தில்தான் 60 நாள் என்று வந்தது, 1978ல் அதைத் திருத்தி 60, 90 என்று பிரித்தார்கள். இது அரசியலமைப்பின் 21வது பிரிவோடு சேர்ந்த உரிமை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கொரோனா ஊரடங்கில் கோர்ட் கெடுக்களையெல்லாம் நீட்டித்தபோது, குற்றப்பத்திரிகைக்கும் அந்த நீட்டிப்பு பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வழக்கில் ஜாமீனை மறுத்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊரடங்காக இருந்தாலும் 60 நாள் என்றால் 60 நாள்தான்.

சரி, எப்படி எண்ணுவது? கைதான தேதியிலிருந்து இல்லை, மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்ட் செய்த தேதியிலிருந்து. அந்த ரிமாண்ட் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்துவிட்டது. மார்ச் 5ம் தேதி ரிமாண்ட் என்றால் அதுவே 1வது நாள், மே 3 அன்று 60 முடிகிறது, மே 4 காலையில் உரிமை பிறக்கிறது. காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது அசட்டுத்தனம் இல்லை. மனசுக்குள் கணக்குப் போட்டு ஒரு நாள் முன்னால் மனு கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு, ஒரு நாள் பின்னால் போய் எல்லாம் போனவர்களும் உண்டு.

ஏன் அந்தக் காலைப் பொழுதுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இந்த ஜாமீன் தானாக வராது. கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அது 75வது நாளில் வந்தாலும் சரி, உரிமை போய்விட்டது. பிறகு வழக்கமான ஜாமீன்தான். முதலில் நீங்கள் கேட்டுவிட்டு அப்புறம் குற்றப்பத்திரிகை வந்தால் உரிமை நிற்கும். சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கில் இது நேராகவே நடந்தது. அந்த வகை வழக்குக்கு உள்ள 180 நாள் கெடு முடிந்ததும் 2019 பிப்ரவரி 1 அன்று காலையில் கைதி தரப்பு மனு கொடுத்தது, அதே நாள் மாலையில் அதிகாரிகள் அவசரமாகப் புகார் அறிக்கையை (இந்த வழக்குகளில் குற்றப்பத்திரிகைக்குச் சமம்) தாக்கல் செய்தார்கள். சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொடுத்தது. மனு விசாரணைக்கு வரும்வரை இழுத்தடித்து, நடுவில் குற்றப்பத்திரிகையை நுழைப்பது செல்லாது என்றார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: உரிமை பிறந்ததும் அதைக் கைதிக்கு வக்கீலும் மாஜிஸ்திரேட்டும் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் ரிமாண்ட் நீட்டிப்பு வீடியோவில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ஜாமீன் கிடைத்தால் மட்டும் போதாது, ஜாமீன்தாரர்களையும் நிறுத்த வேண்டும். கோர்ட் சொன்ன நேரத்துக்குள் அதைச் செய்யாமல் நடுவில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் ஜெயித்ததும் வீணாகிவிடும். அதனால் 50வது நாளிலேயே இரண்டு பேரைப் பேசி வைத்து, அவர்களுடைய ஆதார், ரேஷன் கார்டு, கோர்ட் கேட்கக்கூடிய சொத்து அல்லது வருமானச் சான்று, விஏஓவிடம் வாங்க வேண்டியது எதுவாக இருந்தாலும் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு பெரிய தொகையை டெபாசிட் கட்டு என்று இந்த ஜாமீனுக்கு நிபந்தனை போட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 8 லட்சம் கட்டச் சொன்ன உத்தரவை 2020ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

ஜாமீன் உத்தரவு வந்தும் 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழி இருக்கிறது. போதைப்பொருள் சட்டம், ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) போன்ற வழக்குகளுக்கு அது கிடையாது.

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். வணிக அளவு போதைப்பொருள் வழக்குகளில், கஞ்சா என்றால் 20 கிலோவுக்கு மேல், கெடு 180 நாள், அதை ஓராண்டு வரை நீட்டிக்கக் கேட்கலாம். ஊபாவில் 90 நாளை 180 ஆக்கலாம். குண்டர் சட்டம் வேறு கதை: அது தடுப்புக் காவல், அங்கே இந்தக் கணக்கே வராது. மூல வழக்கில் டீஃபால்ட் பெயில் கிடைத்தாலும் குண்டர் சட்டம் போட்டிருந்தால் ஆள் உள்ளேயேதான் இருப்பார், அந்த உத்தரவைத் தனியாக உடைக்க வேண்டும்.

வெளியே வந்ததால் வழக்கு முடிந்தது என்று அர்த்தம் இல்லை. குற்றப்பத்திரிகை வரும், வாய்தாவுக்குப் போக வேண்டும், நிபந்தனைக் கையெழுத்து இருந்தால் போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இந்த ஜாமீனை ரத்து செய்ய முடியாது, ஆனால் சாட்சியை மிரட்டினால் ரத்தாகும். குற்றப்பத்திரிகையில் வலுவான ஆதாரம் தெரிந்தாலும் தனிக் காரணங்களைக் காட்டி ரத்து கேட்கலாம் என்று 2023ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100க்குப் போன் செய்யலாம், அல்லது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது ரிமாண்ட் தேதி, குற்ற எண், போலீஸ் ஸ்டேஷன் பெயர், பிரிவுகள் நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். 60 நாள் வழக்கு என்றால் 55வது நாளுக்குள் போய்விடுங்கள், மனு தயாராக அவர்களுக்கும் நேரம் வேண்டும்.