படகு ஒன்று, பதிவுப் புத்தகத்தில் இருப்பது வேறொன்று

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு, தூக்கம் எதற்கும் நேரம் கிடையாது. அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, பழையாறு என்று எங்கே பார்த்தாலும் பெரிய படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். ஆசாரி, வெல்டர், பெயிண்டர், மெக்கானிக் என்று எல்லா ஆளையும் ஒரே நேரத்தில் தேடுவார்கள். சின்ன ஃபைபர் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை, பெரிய படகு கடலில் இல்லாத நேரம் என்பதால் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும், அதனால் அந்த ஓனர்கள் படகை ஒரு நாள்கூட நிறுத்த மாட்டார்கள், சாயந்தரம் கரைக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து "அண்ணே, இத மட்டும் ஒட்டிக் குடுத்துடுங்க, விடியறதுக்குள்ள போவணும்" என்று நிற்பார்கள்.

"இதை மட்டும்" என்று ஒன்று படகில் கிடையாது.

நான் ஃபைபர் வேலையும், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜின் வேலையும் பார்ப்பவன். 2004 சுனாமிக்குப் பிறகு, போன கட்டுமரங்களுக்குப் பதிலாக ஃபைபர் படகு கொடுக்க ஊருக்கு ஊர் பட்டறை முளைத்தது. அப்படி ஒன்றில் மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பை வெட்டிக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தேன். அப்போது அவசரம். மழை ஈரம் காயாமலே அதன் மேல் ரெசின் என்கிற பிசினைத் தடவி, ஒரு நாளில் இரண்டு நாள் வேலையை முடித்துக் கரைக்கு அனுப்பிய படகுகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த அவசரத்தின் கணக்கை இன்றுவரை நாங்கள்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதில் அடிக்கடி வரும் புகார், படகு வர வரக் கனக்கிறது என்பது. "முன்ன ஆறு பேரு தள்ளுவோம், இப்ப பத்துப் பேரு வேணும்ணே" என்பார்கள். என்ஜின் இழுக்கவில்லை என்று கார்புரேட்டரைக் கழற்றச் சொல்வார்கள். கோளாறு என்ஜினில் இல்லை. ஃபைபர் படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் இருக்க அடித்தளத்துக்குக் கீழேயும் ஓரத்திலும் மூடிய அறைகள் வைத்து, தெர்மாகோலோ ஃபோமோ அடைத்திருப்பார்கள். மேல் தளத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு போதும், அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கி வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். இதில் கனத்தைவிட மோசமான விஷயம், படகு கவிழ்ந்தால் மிதக்க வைக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருப்பது. வருஷத்துக்கு ஒரு முறையாவது படகைச் சாய்த்து வைத்து, அறையின் தாழ்வான மூலையில் ஒரு சின்னத் துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் வடிய விட்டு, நன்றாகக் காய வைத்து, அப்புறம் அடையுங்கள். காய்வதற்கு நாள் கணக்கில் ஆகும். அந்த நாளைத்தான் யாரும் எனக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, என்ஜின் மாட்டும் பின்பலகை. வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். என்ஜினை இடம் மாற்றி மாட்டும்போது பழைய போல்ட் ஓட்டையை எம்-சீல் வைத்து மூடிவிட்டுப் போய்விடுவார்கள், அதன் வழியே உப்புத் தண்ணீர் ஏறிப் பிளைவுட் உள்ளுக்குள்ளேயே அவல் மாதிரி ஊறிவிடும், வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை "டங்" என்று சொல்லும், அழுகினது "தொப்" என்று சொல்லும். கொள்ளிட முகத்துவாரத்தில் மணல்மேட்டில் அலை உடையும் இடத்தில் முழு வேகத்தில் ஏறும்போது இந்தப் பலகை விட்டுக் கொடுத்தால் என்ஜின் தண்ணீருக்குள். படகு அலைக்குக் குறுக்கே திரும்பும். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை, கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெடிப்பு ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்போது நிறையப் பேர் யூடியூப் பார்த்துத் தாங்களே செய்கிறார்கள். செய்யுங்கள், தப்பில்லை. உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, கிரைண்டரால் பெயிண்டும் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சும் போகத் தேய்த்து, ஓரத்தை அகலமாகச் சரித்துக்கொள்ளுங்கள். ஆழம் ஒரு பங்கு என்றால் சரிவு பன்னிரண்டு பங்கு நீளம் இருக்க வேண்டும். வெடிப்பின் மேல் பிளாஸ்திரி மாதிரி இரண்டு மேட் ஒட்டினால் பத்து நாளில் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். ஐப்பசி கார்த்திகையில் காலைப் பனி ஈரம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத்தான் ரெசினைத் தொடுவேன். தேய்க்கும்போது மூக்கில் துண்டு கட்டினால் போதாது, அது கண்ணாடி இழைத் தூசு, சரியான மாஸ்க் வேண்டும்.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். கோபால்ட் என்கிற அக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. முதலில் ரெசினில் கோபால்ட், நன்றாகக் கலந்த பிறகு ஹார்ட்னர், அதுவும் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். இரண்டு பாட்டிலும் ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டையும் ஒரே பையில் போட்டு ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தவரை நான் திட்டியிருக்கிறேன், வயதில் பெரியவர், ஆனாலும் திட்டினேன்.

என்ஜின் கதை தனி. மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, அணைக்கும் முன் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றி ஒரு நிமிடம் ஓட விட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலை கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டும். ஓடும்போது பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள், பீய்ச்சாவிட்டால் உடனே அணையுங்கள், உள்ளே தண்ணீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் போயிருக்கலாம், அல்லது வழி அடைத்திருக்கலாம். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம், ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் போவது அடுத்த வாரம் கியரையே மாற்றுவதற்கான முன்பணம். என்ஜினுக்குப் பதிலாகத் தான் அரிபட மாட்டியிருக்கும் ஜிங்க் கட்டி தேய்ந்தால் நல்லது, தேயத்தான் அது இருக்கிறது, கரைந்து முடிந்தால் புதிது போடுங்கள். அதன் மேல் பெயிண்ட் அடித்து அழகு பார்த்தால் அடுத்து உப்பு அரிக்கப் போவது தண்ணீருக்குள் நிற்கும் என்ஜினின் காலை.

மரப்படகு வேலை எனக்குத் தெரியாது, ஆசாரிமார் வேலை அது. பலகை இடுக்கில் கலப்பத்து அடைப்பதும், மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவைப் பார்ப்பதும் அவர்கள் கண்ணுக்குத்தான் பிடிபடும். படகின் அடியில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரியான கொட்டலசைச் சுரண்டுவது மட்டும் மரமோ ஃபைபரோ எல்லாருக்கும் பொது. அடியில் அது ஏறினால் எண்ணெய் செலவு ஏறும்.

சரி, இதுவரை படகின் உடம்பு. நான் எழுத வந்தது இதற்காக மட்டும் இல்லை. நான் செய்யும் ஒவ்வொரு வேலையும் படகைக் கொஞ்சம் மாற்றுகிறது. என்ஜின் மாறுகிறது, நீளம் மாறுகிறது, நிறம் மாறுகிறது, சில சமயம் ஓனரே மாறுகிறார். ஆர்.சி. என்கிற பதிவுப் புத்தகம் மட்டும் பீரோவுக்குள் பழைய படகையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. கடலில் மீன் பிடிக்கிற எதுவும் அதில் வரும், கட்டுமரமும் சேர்த்து. "நம்மகிட்ட என்ஜினே இல்ல, நமக்கு எதுக்கு நம்பரு" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நம்பரையே படித்துப் பாருங்கள்: ஐஎன்டி நாடு, டிஎன் மாநிலம், 06 என்றால் நாகப்பட்டினம். அடுத்து வரும் இரண்டு எழுத்துதான் முக்கியம். எம்எம் என்றால் விசைப்படகு, எம்ஓ என்றால் மோட்டார் மாட்டிய நாட்டுப்படகு, என்எம் என்றால் மோட்டார் இல்லாதது. அதாவது துடுப்புப் படகாகப் பதிந்த வள்ளத்துக்கு நான் ஒரு மதியத்தில் என்ஜின் மாட்டிக் கொடுத்துவிட்டால், அந்த நம்பர் அன்று சாயந்தரமே பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்து ஓனர் ஒருவருக்குப் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு 9.9 குதிரைத்திறன் என்ஜின் புதிதாக மாட்டினேன். பில் கொடுத்தேன், அதில் என்ஜின் நம்பர் எழுதவில்லை. புத்தகத்தில் ஏற்றச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல். படகு தென்னந்தோப்புக்குள் கிடந்தது, என்ஜினைக் காணோம். கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி, என்ஜின் நம்பர் என்ன. புத்தகத்தில் இருந்தது இரும்புக்கடைக்குப் போன என்ஜினின் நம்பர். படகுக்கு வந்த தொகை வந்தது, என்ஜினுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் பட்டறையில் என்ஜின் நம்பரும் மாட்டிய தேதியும் இல்லாமல் பில் போவதில்லை.

பெயிண்டர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. தடைக்காலத்தில் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். சாமி பேர், பிள்ளைகள் பேர், நடிகர் படம் எல்லாம் கதவு அகலத்துக்கு வரும், பதிவு எண் மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு மூலையில். சிலர் எழுதவே மறந்துவிடுவார்கள். எண் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலில் சோதனை எவ்வளவு இறுகியது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தடைக்காலத்தில் மீன்வளத் துறை படகுகளை நேரில் வந்து ஆய்வு செய்யும். படகை அன்று காட்டாமல் விட்டால், அல்லது காட்டும் படகும் தாளும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் நிற்பது வரி நீக்கிய டீசல்தான். மோட்டார் நாட்டுப்படகுக்கு வருஷத்துக்கு 4,400 லிட்டர், விசைப்படகுக்கு 19,000 லிட்டர் என்று 2023-இல் உயர்த்தினார்கள். ஒரு பெயிண்ட் டப்பாவுக்கு அதை இழக்க வேண்டுமா?

பழைய படகு வாங்குவோர் ஒன்று கவனியுங்கள். காரைக்காலில் இருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் காரைக்கால் படகு புதுச்சேரிக் கணக்கு. படகை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு அப்புறம் தாளுக்கு அலைந்தால், விற்றவர் போனை எடுக்க மாட்டார். அங்கே பதிவு எண்ணை நீக்கியதற்கான தாளைக் கையில் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதேபோல, உடைந்துபோன படகின் நம்பரைப் புதுப் படகில் எழுதி ஓட்டுவது. "என் நம்பருதானே தம்பி" என்கிறார்கள். நம்பர் உங்களுடையது இல்லை மாமா, அந்தப் படகுடையது. படகு போனால் நம்பரும் போக வேண்டும்.

பெரிய படகோடு கட்டி இழுத்துப் போகும் குட்டிப் படகுக்கும் இதே கதைதான். தாய்ப்படகின் நம்பரை அதில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது தனியாக வலை போடப் போகிறது என்றால் அதுவும் ஒரு மீன்பிடிப் படகு, அதற்குத் தனிப் பதிவு.

ஆற்றுப் பக்கம் கேள்வி வேறு. மேட்டூர் திறந்து கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததும், வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகள் சின்ன ஃபைபர் படகும் இரண்டு குதிரைத்திறன் மோட்டாரும் வாங்கிக்கொண்டு வந்து "மீன் பிடிக்கப் போறதில்ல, சும்மா சுத்தத்தான், இதுக்குமா பதிவு?" என்று கேட்கிறார்கள். இதற்கு மீன்வளத் துறைக்குப் போகத் தேவையில்லை. ஆற்றில் என்ஜினால் ஓடும் படகுக்கு 1917-இல் இருந்து ஒரு சட்டம் இருந்தது, அதை எடுத்துவிட்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021 கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் இருந்தால் அதன் கீழ்ப் பதிவு உண்டு. மோட்டார் இல்லாத தோணி, பரிசலைப் பதியும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் விட அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, அதனால் முதலில் உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். எதுவாக இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். எலி கடித்த பழைய ஜாக்கெட்டைக் கணக்குக்கு வைத்திருப்பது ஜாக்கெட் இல்லாததைவிட மோசம், இருக்கிறது என்ற தைரியம் வேறு வந்துவிடும். கடலுக்குப் போகிறவர்கள் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் என்ஜின் மூடியின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வையுங்கள். போன் நனைந்தாலும் அது நனையாது.

போன வாரம் ஒரு வீட்டுக்கு என்ஜின் பார்க்கப் போயிருந்தேன். புத்தகத்தைக் கொடுங்கள், நம்பர் சரிபார்க்கிறேன் என்றேன். அந்த வீட்டு அக்காதான் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார், நாலாக மடித்து, மஞ்சள் கறையோடு. பிரித்துப் பார்த்தால் அதில் இருந்த படகு நான் மேட் வெட்டிய காலத்துப் படகு. நீளம் வேறு, என்ஜின் வேறு, பதிவில் இருந்த பெயர் அக்காவின் மாமனார் பெயர். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். வாசலில் அவர் பேரன் புதுப் படகுக்கு அதே நம்பரை வரைந்துகொண்டிருந்தான். கடைசி இலக்கம் மட்டும் பாக்கி. பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொன்னேன்.