நனைந்த மரக்கப்பலை உலர்த்துவது ஏன் ஆபத்து?

பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்துப் பலகையாக்கியதும் மர ஆலைக்காரர்கள் தாமதிப்பதில்லை. அதில் மாவுச்சத்து அதிகம். சில நாள் சும்மா கிடந்தாலே பூஞ்சணம் பூத்து, துளைவண்டு ஏறிவிடும். ஆகவே இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி, போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலை அழுத்தத்தில் செலுத்திய பிறகே சூளையில் உலர்த்துகிறார்கள். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் போன்ற தோட்டப் பட்டணங்களில் வளர்ந்தவர்களுக்கு, கடலடியிலிருந்து எடுத்து ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கும் வாசா என்ற பழைய மரக்கப்பலைக் காப்பாற்றிய முறை எளிதில் பிடிபடும். அங்கும் இதே போரான் உப்புகள் பூஞ்சணத்தைத் தடுக்கப் பயன்பட்டன.

வாசா 1628-ல் மூழ்கி, 1961-ல் மேலே வந்தது. அத்தனை காலம் முழுசாகக் கிடந்ததற்கு முக்கியக் காரணம், பால்டிக் கடலில் உப்பு குறைவு. கப்பற்புழு அங்கே பெருகாது. பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டி இனம். தலையிலுள்ள இரண்டு சிறு ஓடுகளால் மரத்தை ராவிக்கொண்டே உள்ளே போகும். வெளியே குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும். உள்ளே பலகை முழுக்கச் சுரங்கமாகியிருக்கும். வெதுவெதுப்பான நம் கடல்கள் அதற்கு ஏற்ற இடம். 1511-ல் சுமாத்ரா அருகே மூழ்கிய ஃப்ளோர் டி லா மார் என்ற போர்த்துகீசியக் கப்பலுக்கு, மலாக்கா கடல்சார் அருங்காட்சியகத்தில் மாதிரி மட்டுமே நிற்கிறது.

கப்பற்புழு தொடாத மரத்திலும் பாக்டீரியா செல்லுலோஸைத் தின்றுவிடும். மெலிந்துபோன செல் சுவர்களைத் தாங்கி நிற்பது உள்ளிருக்கும் தண்ணீர்தான். அப்படியே வெயிலில் வைத்தால், வெளியேறும் தண்ணீரின் பரப்பு இழுவிசை அந்தச் சுவர்களை உள்நோக்கி இழுத்து நசுக்கும். பலகை சுருங்கி, முறுக்கி, வெடிக்கும். மறுபடி நனைத்தாலும் பழைய வடிவம் வராது.

இதற்கு மாற்று, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள். நீரில் கரையும், ஆனால் ஆவியாகாது. அதனால் தண்ணீர் போனாலும் அதன் இடத்தில் நின்று செல் சுவர்களைத் தாங்கும். நீர்த்த கரைசலில் தொடங்கி, செறிவைப் படிப்படியாக ஏற்றித் தெளிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் செறிவான கரைசலை ஊற்றினால், அது உள்ளே போகுமுன் மரத்திலுள்ள நீர் வெளியேறி, தவிர்க்க நினைத்த சுருக்கமே வந்துவிடும். வாசாவுக்கு இது 17 ஆண்டு பிடித்தது. அதன் பிறகும் மெதுவாக உலர்த்தினார்கள். வாசா கட்டப்பட்ட கருவாலி (ஓக்) மரத்தின் வைரம் பாய்ந்த பகுதிக்குள் பெரிய மூலக்கூறுகள் ஆழமாகப் போவதில்லை என்பது இம்முறையின் குறை.

இன்னொரு தொல்லை இரும்பு. துறைமுகச் சேற்றிலிருந்து மரத்தில் ஏறிய கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு துணைநிற்க, காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகிறது. காற்றில் ஈரம் கூடினால் இந்த வினை தீவிரமாகும். அதனால்தான் வாசா நிற்கும் அருங்காட்சியகத்தில் ஈரப்பதத்தை 55 சதவீத அளவில் கட்டுப்படுத்துகிறார்கள். நம் நாட்டு ஈரக்காற்றில், குளிரூட்டி இல்லாத கொட்டகையில், கிளைக்கால் ஏற்றிய மரம் ஈரம் இழுத்துக் கசியத் தொடங்கிவிடும்.

பகாவ் பக்கம் இது வெறும் ஏட்டுச் செய்தியாக நிற்காது. மூவார் ஆற்றிலிருந்து பகாங் ஆற்றுக்குக் கடக்க, ஜெம்போல் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் இடையே பெனாரிக்கானில் படகுகளைத் தரைவழியே இழுத்துச் சென்ற பாதை இங்கேதான். ஆற்றுச் சேற்றில் பழைய படகுப் பலகை தென்பட்டால் பிடுங்காதீர்கள். கழுவிக் காயவைக்கவும் வேண்டாம். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதென்றால் ஆற்றுநீரில் நனைத்த சாக்கால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, நிழலில் வைத்து, அன்றே மாவட்ட அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள்.