பழைய லாரி இன்ஜின் வேலை: செலவை எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

"ரிங்கும் பேரிங்கும் மாற்றி மூடிக் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்." லாரி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிய வளையம், பேரிங் என்பது சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் இரு பாதி ஓடு. அவர்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வண்டி நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது. ஆனால் இன்ஜின் ஏன் போனது என்று பார்க்காமல் புது சாமான் போட்டால், பழையதைத் தின்ற காரணமே புதியதையும் தின்றுவிடும். கையில் பணம் குறைவாக உள்ளவர்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இதே வேலையை இரண்டாம் முறை செய்ய அவரிடம் பணம் இருக்காது.

பிரிப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் உடனே "ரிங் போச்சு" என்கிறார்கள். அவசரப்படாதீர்கள், அளந்து பாருங்கள். ஒரு கண்ணாடி டியூபை 'ப' வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை கிராங்க்கேஸோடு (கிராங்க் சுழலும் இன்ஜினின் கீழ்க்கூடு) இணைத்தால் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் அழுத்தத்தைக் காட்டிவிடும். எந்த வேகத்தில், எவ்வளவு இருக்கலாம் என்பது மேனுவலில் இருக்கும். அப்புறம் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரைக் கவனியுங்கள். டேங்க் நிரம்பி அது காற்று ஏற்றுவதை நிறுத்தியதும் கிராங்க்கேஸ் அழுத்தம் இறங்கினால், கோளாறு கம்ப்ரஸர் ரிங்கில் இருக்கலாம். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீல் கசிந்தாலும் இதே அறிகுறிதான். கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் சரியாகியிருக்கும் வண்டிக்கு முழு இன்ஜின் வேலை பார்த்ததைக் கண்டிருக்கிறேன்.

சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய பேரிங்குகளைக் குப்பையில் போடாதீர்கள். எந்த சிலிண்டர், மேல் பாதியா கீழ் பாதியா என்று பின்பக்கம் எழுதி வரிசையாக அடுக்குங்கள். பல கனரக இன்ஜின்களில் பேரிங்கின் மேல்பூச்சு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அது தேய்ந்தால் அடியில் தாமிர நிறம் தெரியும். எல்லாவற்றிலும் வட்டமாகக் கீறல் இருந்தால் ஆயிலில் மண்ணோ உலோகத் தூளோ கலந்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்திருக்கிறதா, கிராங்க் ஜர்னல் (பேரிங் பிடிக்கும் பகுதி) சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரித்துக் கறுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். இதற்கு ஒரு காசு செலவில்லை.

அடுத்தது ஆயில் கூலர். பட்ஜெட் வேலைகளில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பேரிங் நசுங்கியோ பிஸ்டன் பிடித்தோ போன இன்ஜினில் உலோகத் துகள் ஆயிலோடு ஓடிப்போய்க் கூலரின் குறுகிய வழிகளில் தங்கிவிடும். டீசல் ஊற்றி அலசினால் வெளியே சுத்தமாகத் தெரியும், உள்ளே இருப்பது முழுதாக வராது. இன்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும். அப்படிப்பட்ட இன்ஜினில் கூலரை மாற்றியே ஆக வேண்டும். டர்போ உடைந்திருந்தால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இதே கதிதான். அதில் சிக்கிய துண்டு நேராகப் புது பிஸ்டனின் தலைக்கு வரும்.

லைனரை (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) கழற்றியதும் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருந்தால் அது கூலன்ட் குறை. லைனர் அதிரும்போது தண்ணீரில் உண்டாகும் குமிழிகள் வெடித்து இரும்பைக் குடைகின்றன. இன்ஜினுக்கு ஏற்ற கூலன்ட்தான் இதைத் தடுக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் புது லைனரும் இப்படித்தான் ஓட்டையாகும். லைனர் பிளாக்குக்கு மேலே எழும்பி நிற்கும் அளவையும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். தலைமுடி கனத்துக்கே பேச்சு, ஆனால் ஒரு சிலிண்டருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கூடினால் ஹெட் கேஸ்கட் நிற்காது.

செலவைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. கழற்றுவது, சுரண்டுவது, கழுவுவதை நீங்களே செய்யலாம். கிராங்க் குறித்த அளவுக்குள் இருந்து, விரிசல் சோதனையிலும் தேறினால் சாணை பிடிக்காமல் பாலிஷ் மட்டும் போதும். ராட், ராக்கர், கேம் எல்லாம் அளந்து பார்த்துத் திரும்பப் போடலாம். மெயின் பேரிங் சுற்றாமல் இருந்தால் இன்ஜினை இறக்காமல் சேஸியிலேயே வேலையை முடித்துவிடலாம். ஆனால் அளக்கிற செலவில் கை வைக்காதீர்கள். ஹெட்டின் பிரஷர் டெஸ்ட், டீசலைப் பீய்ச்சும் நாசிலின் சோதனை இரண்டும் கட்டாயம். நாசில் ஒழுகினால் புது ரிங்கில் இருக்கும் ஆயிலை டீசல் கழுவிவிடும். இழுபட்டு நீளும் வகை போல்ட்டுகளைக் கம்பெனி சொன்னபடி மாற்றுங்கள்.

ஹோன் செய்த (உள்சுவரைக் கல்லால் தேய்த்த) போரை, அதாவது பிஸ்டன் ஓடும் உள்சுவரை, டீசலால் துடைத்தால் போதாது. சோப்பும் வெந்நீரும் வைத்துத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதுவரை கழுவுங்கள். கழுவியதும் ஆயில் பூச மறக்க வேண்டாம், சீக்கிரமே துரு ஏறிவிடும்.

ஸ்டார்ட் பண்ணும் முன் வெளியிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் ஏற்றி எல்லா வழியையும் நிரப்புங்கள். காற்று வரும் வாயை அடைக்க ஒரு கனமான தகட்டைக் கையோடு வைத்திருங்கள். ஆயிலை இழுத்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடின்றி ஏறினால் சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது. டீசல் லைன் கசிவைக் கை வைத்துத் தேடாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விட்டவர்கள் விரலையே இழக்க நேர்ந்திருக்கிறது. அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கியதும் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள், போர் பளபளவென்று மெழுகிப்போய் ரிங் படியாது. மிதமான லோடு கொடுத்து ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மெல்லிய தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் செதில் வந்தால் ரிங், லைனர், கியர் பக்கம் பாருங்கள். ஒட்டாத மினுமினுப்பு வந்தால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். எதுவானாலும் அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் சம்ப்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றிப் பார்த்துவிடுங்கள்.