சிரோசிஸ்: கல்லீரல் கரணைநோய்

கோலாலம்பூர் கிளினிக்கில் மலாயில் ‘ஹாத்தி பெர்லெமாக்’ என்றால் நம்மவர்களுக்கு உடனே புரிந்துவிடும். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் வரும் அதே லெமாக், ஈரலில் கொழுப்பு. அப்புறம் டாக்டர் “சிரோசிஸ் இருக்கான்னு பார்க்கணும்” என்பார். அங்கேதான் முகம் வாடுகிறது. மலாயிலும் அது ‘சிரோசிஸ்’தான், கேட்டதும் பொருள் பிடிபடாது.

கிரேக்கத்தில் ‘கிர்ரோஸ்’ என்பது பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், நோயுற்ற ஈரலின் நிறத்தைப் பார்த்து 1819இல் இட்ட பெயர் இது.

தமிழில் ‘கல்லீரல் இழைநார் வளர்ச்சி’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொழுப்பீரலில் அழற்சி நீடித்தால் தழும்பு இழைகள் படரும், அது ஃபைப்ரோசிஸ். எஃப்0 முதல் எஃப்4 வரை அதற்குப் படிகள் உண்டு. இழைநார் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். சிரோசிஸ் கடைசிப் படி. தழும்பு ஈரலைக் கூறுபோட, நடுவே திசு முண்டுமுண்டாகத் திரளும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எஃப்1இல் இருப்பவர்கூட ஈரலே போய்விட்டதென்று நடுங்குவார். ‘கரணைநோய்’ என்பதே சரி. கரும்பு நட வெட்டும் கணுத்துண்டு கரணை. கரணைக்கிழங்கின் முண்டும் முடிச்சுமான உருவத்தையும் நினைத்துப் பாருங்கள், நோயின் வடிவம் கண்முன் வரும்.

செந்தூலில் இருக்கும் என் பெரியம்மா, ஊசியால் ஈரலைக் கிள்ளி எடுப்பார்கள் என்று பயந்து ஓராண்டு சோதனைக்கே போகவில்லை. இப்போது பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. அதற்குப் பதில் செய்வதற்கு ‘ஊடுருவாச் சோதனை’ என்ற பெயர் புத்தகத்துக்குச் சரி. அவரிடம் நான் ‘ஈரலைக் குத்தாத சோதனை’ என்றேன். ரத்தம் எடுக்கக் கையில் ஊசி உண்டு, ஈரலுக்குள் எதுவும் போகாது.

முதலில் ஃபிப்-4. வயது, ரத்தத்தில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற ஈரல் நொதிகள், பிளேட்லெட் எனும் தட்டணுக்கள், இந்த நான்கையும் வைத்துப் போடும் கணக்கு. 1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. கூடினால் ஃபைப்ரோஸ்கேன். வலது விலா இடுக்கில் கருவி மெல்லத் தட்டும். அந்த அதிர்வலை இறுகிய ஈரலில் வேகமாக ஓடும், மெத்தென்ற ஈரலில் மெதுவாக. அந்த வேகத்தை இறுக்கமாக மாற்றி கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். 8க்குக் கீழ் இருந்தால் பொதுவாக முற்றிய தழும்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 15ஐத் தாண்டினால் கரணைநோய் இருக்கக்கூடும் என்று மேலே பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும்: மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போங்கள். ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு படுத்தால், இல்லாத இறுக்கத்தையும் கருவி காட்டும்.