சொல் விளக்கம்: சீஸ்மிக் – நில அதிர்வு

சுரங்கத்துக்கோ பெரிய கல்குவாரிக்கோ சுற்றுச்சூழல் அனுமதி கேட்பவர், 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன் ஆய்வறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும். அதில் வரும் ‘சீஸ்மிக் ஆய்வு’ என்பதை ‘நிலநடுக்க ஆய்வு’ என்று எழுதிவிட்டால், கூட்டத்துக்கு வரும் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்துக்காரரும் பேரணாம்பட்டுக்காரரும் வேறொன்றைத்தான் நினைப்பார்கள். 2021 நவம்பர் 29 அதிகாலையில் வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தள்ளி 3.6 அளவில் நிலம் நடுங்கியதே இங்கு பலருக்கு நினைவில் நிற்பது. குவாரி வெடியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே திசை மாறிவிடும்.

கிரேக்கத்தில் ‘செய்ஸ்மோஸ்’ என்றால் குலுக்கம். நிலநடுக்கத்துக்கும் அதே சொல்தான். குலுக்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. இதிலிருந்து ‘சீஸ்மாலஜி’ என்ற துறைப்பெயரை உருவாக்கிய அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட், 1849இல் டப்ளினுக்கு அருகே கில்லைனி கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்து, பாதரசக் கிண்ணத்தின் பரப்பு சிலிர்க்கும் கணத்தைக் கொண்டு மணலில் அதிர்வின் வேகத்தை அளந்தார். மனிதன் உண்டாக்கிய அதிர்வும் தொடக்கத்திலேயே இந்தத் துறைக்குள் இருந்தது. ஆகவே ‘சீஸ்மிக்’ என்பதற்கு நிலநடுக்கம் என்ற பொருள் மட்டும் போதாது.

தமிழில் ‘பூகம்பம்’ வடசொல். ‘நிலநடுக்கம்’ நம் சொல். இயற்கை நிகழ்வுக்கு அதை விடக்கூடாது. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்று தொல்காப்பிய உரியியல் இரண்டையும் ஒரே பொருளில் வைத்தாலும், இன்றைய வழக்கில் அதிர்வு விரிந்துவிட்டது: லாரி போனாலும், வெடி வைத்தாலும், மத்தளம் அடித்தாலும் அதிர்வுதான். ஆகவே ‘நில அதிர்வு’ என்பதே சரியான இணை. நிலநடுக்க அபாயத்தில் வேலூர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும்போது ‘நிலநடுக்க மண்டலம்’. நிலத்தடியைத் தேடும்போது ‘நில அதிர்வு அளவாய்வு’. குவாரியின் விளைவைச் சொல்லும்போது ‘வெடி அதிர்வு’.

அளவாய்வுக்கு, நிலத்தின் அதிர்வை உணரும் சிறு கருவிகளான 24 ஜியோபோன்களை 5 மீட்டர் இடைவெளியில் நேர்கோட்டில் குத்தி, இரும்புத் தட்டை வைத்து 8 கிலோ சம்மட்டியால் இரு முனைகளிலும் நடுவிலும் பலமுறை அடிப்பார்கள். முதல் அலை ஒவ்வொரு ஜியோபோனையும் எத்தனை மில்லிவினாடியில் தொட்டது என்பதிலிருந்து வேகமும், அதிலிருந்து அடுக்கின் ஆழமும் வரும். 115 மீட்டர் கோட்டில் ஏறத்தாழ 25 மீட்டர் ஆழம்வரைதான் நம்பலாம். காய்ந்த மணலில் வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர். சிதையாத சார்னோகைட், நைஸ் பாறைகளில் 5000ஐத் தாண்டும்.

பாலாற்றங்கரையில் பிழை நேர்வது இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில். நீர் நிறைந்த மணலே 1500க்கு மேல் காட்டும். சிதைந்த பாறையும் அந்த அளவைத் தொடக்கூடும். பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் அதைப் பாறை என்று வரைந்தால் வரைபடமே பொய். நிலத்துகளைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் குறுக்கலையையும் அளப்பது நல்லது, நீர் அதன் வேகத்தைப் பெரிதாக மாற்றாது. கெட்டி அடுக்குக்குக் கீழே மென்மையான அடுக்கு இருந்தால் இந்த முறைக்கு அது தெரியவே தெரியாது. துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். காய்ந்த மணல் அதிர்வை விழுங்கிவிடும் என்பதால் ஈரமணல் வரும்வரை தோண்டி ஜியோபோனைப் பதிக்க வேண்டும். ராஜஸ்தானின் பார்மர் போன்ற பாலைநிலப் பழுப்பு நிலக்கரிப் பகுதிகளிலும் தொல்லை இதுதான். அங்கே ஈரம் எட்டாத ஆழத்தில் கிடக்கும். அங்கே அதிர்வு ஆழத்தை எட்ட வெடியோ, நிலத்தை அதிரவைக்கும் கனரக லாரியோ வேண்டும்.

வெடி அதிர்வுக்கு அளவு, நிலத்துகளின் உச்ச வேகம். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கை, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 8 ஆட்டம்) கீழே 5, 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 மி.மீ./வினாடி என்று வரம்பு வைக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு வரம்பு கடுமை. சிறு வீடுகளின் இயல்பான ஆட்டம் அந்தப் பக்கமே இருப்பதால் சுவரும் சேர்ந்து ஆடும்.

துளைகளைச் சில மில்லிவினாடி இடைவெளி (தாமதம்) விட்டு வெடிப்பார்கள். மொத்த மருந்தைவிட, ஒரே தாமதத்தில், அதாவது ஒரே கணத்தில், வெடிக்கும் மருந்தே முக்கியம். தூரத்தை அந்த எடையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வரும் எண் சிறுத்தால் அதிர்வு கூடும். 300 மீட்டரில் 25 கிலோவுக்கு 60. 100 கிலோவுக்கு 30. அதாவது மருந்தை நான்கு மடங்காக்கினால், வீடு 150 மீட்டருக்கு நெருங்கி வந்ததற்குச் சமம். துளை வரிசைக்கு முன்னுள்ள பாறை தடித்திருந்தால் உடைக்க முடியாத விசையும் நிலத்துக்குள் திரும்பும். கருவியைத் தளர்ந்த மண்ணில் சும்மா வைத்தால் அது தானே துள்ளித் தவறான எண்ணைத் தரும். புதைக்க வேண்டும், அல்லது இறுகப் பொருத்த வேண்டும். எந்த வீட்டருகே, வெடியிலிருந்து எவ்வளவு தூரத்தில், ஒரு தாமதத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை ஹெர்ட்ஸ் என்ற நான்கும் இல்லாமல் ‘அதிர்வு வரம்புக்குள் உள்ளது’ என்ற ஒரு வரியை மட்டும் ஏற்கக் கூடாது.